மியூவான் ஏன் 207 மடங்கு கனம்? கமுதிக்காரர் சொன்ன பதிலும், மதுரையில் காத்திருக்கும் கேள்வியும்!

மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் இருந்து பல்கலைக்கழகம் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். நாகமலை புதுக்கோட்டை வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி உள்ளங்கையை ஒருமுறை விரித்துப் பாருங்கள். வெளியே நீளமாகப் படுத்துக் கிடக்கும் மலை கண்ணுக்குத் தெரியும். உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு ஏறக்குறைய விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் போய்க்கொண்டிருக்கும் துகள் மட்டும் தெரியாது. அதன் பெயர் மியூவான்.

விண்வெளியில் இருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் உச்சியில் மோதும்போது இந்த மியூவான்கள் உருவாகின்றன. பஸ் கூரையோ, வீட்டு மொட்டை மாடியோ அவற்றுக்குத் தடை இல்லை. பயப்படவும் வேண்டாம். மனிதன் பிறப்பதற்கு முன்பிருந்தே பூமி முழுக்க நடந்துகொண்டிருப்பதுதான் இது.

சரி, மியூவான் என்றால் என்ன? பள்ளிக்கூடத்தில் படித்த எலக்ட்ரானுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். மின்னேற்றம் அதேதான், குணமும் கிட்டத்தட்ட அதேதான். கனத்தில்தான் பெரிய வித்தியாசம். எலக்ட்ரான் 1 கிலோ என்றால், மியூவான் 207 கிலோ. இவர்களுக்குப் பெரியண்ணன் ஒருவர் இருக்கிறார். டாவ் என்று பெயர். அவர் 3,477 கிலோ!

ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்குள் இவ்வளவு வித்தியாசம் ஏன்? 207 என்ற எண்ணை யார் முடிவு செய்தது? 5 ஆகவோ, 1,000 ஆகவோ இல்லாமல் ஏன் 207?

1936-ல் கார்ல் ஆண்டர்சனும் சேத் நெடர்மேயரும் மியூவானைக் கண்டுபிடித்தபோது இயற்பியலாளர்கள் குழம்பிப்போனார்கள். அணுவுக்குள் அதற்கு ஒரு வேலையும் இல்லை. "இதை யார் ஆர்டர் பண்ணினது?" என்று ஐ.ஐ.ராபி கேட்டதாகச் சொல்வார்கள். ஏறக்குறைய 90 வருடங்கள் ஆகிவிட்டன. ராபியின் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை.

அதற்குக் கொடுக்கப்பட்ட முக்கியமான பதில்களில் ஒன்று, ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் பிறந்த ஒருவருடையது. நிறை பற்றிய இன்னொரு கேள்விக்கு அளந்து விடை சொல்லத் திட்டமிடப்பட்ட கருவியின் குட்டி மாதிரி மதுரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வாரம் அந்தக் கதைதான்.

கனப் பட்டியல்

முதலில் பட்டியலைப் பார்த்துவிடலாம். எலக்ட்ரானின் நிறையை 1 என்று வைத்துக்கொண்டால்...

* நியூட்ரினோ: 10 லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே
* எலக்ட்ரான்: 1
* மியூவான்: 207
* டாவ்: 3,477
* டாப் குவார்க்: சுமார் 3,38,000

இவை எல்லாமே இன்றைய அறிவுக்கு எட்டியவரை பிரிக்க முடியாத அடிப்படைத் துகள்கள். உள்ளே வேறு எதையும் அடைத்துவைத்துக் கனம் கூட்டவில்லை. அரிசி மூட்டை கனமாக இருப்பதற்கு உள்ளே அரிசி அதிகம் என்று காரணம் சொல்லலாம். டாப் குவார்க்குக்கு அப்படிச் சொல்ல வழியில்லை.

"இருந்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன?" என்று தோன்றலாம். ஆனால், இந்த எண்களில்தான் நம் உயிரே இருக்கிறது. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, எலக்ட்ரானின் நிறை மட்டும் இப்போது இருப்பதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கூடியிருந்தால், ஹைட்ரஜன் அணு நிலைக்காது. அதன் நடுவில் இருக்கும் புரோட்டான், சுற்றி இருக்கும் எலக்ட்ரானை விழுங்கி நியூட்ரானாக மாறிவிடும். ஹைட்ரஜன் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. வைகையும் இல்லை, அதன் கரையில் மதுரையும் இல்லை. எலக்ட்ரானின் அண்ணன் 207 மடங்கு. அந்தக் கனம் தம்பிக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஹிக்ஸ் சொன்னதும், சொல்லாததும்

"அதான் ஹிக்ஸ் போஸான் கண்டுபிடிச்சாச்சே?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான்.

2012 ஜூலை 4 அன்று ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வு மையம் ஹிக்ஸ் துகளைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. பிரபஞ்சம் முழுக்க ஹிக்ஸ் புலம் என்று ஒன்று பரவி இருக்கிறது, அதோடு உறவாடுவதால்தான் எலக்ட்ரான், குவார்க் போன்ற துகள்களுக்கு நிறை கிடைக்கிறது என்ற கருத்து அதனால் உறுதியானது. மறுவருடமே பீட்டர் ஹிக்ஸுக்கும் பிரான்சுவா எங்லேருக்கும் நோபல் பரிசு.

ஆனால், இது பாதிப் பதில்தான். வீட்டில் துணி துவைக்கும் வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மதுரைச் சுங்குடிச் சேலை, ஒரு பாலியஸ்டர் சேலை, ஒரு பிளாஸ்டிக் கவர் மூன்றையும் முக்கி எடுங்கள். சுங்குடி பருத்தி என்பதால் தண்ணீரை நன்றாக இழுத்துக்கொண்டு கனக்கும். பாலியஸ்டர் கொஞ்சம்தான் இழுக்கும். பிளாஸ்டிக் கவரில் தண்ணீர் ஏறவே ஏறாது. ஒளித்துகளான போட்டான் அந்தக் கவர் மாதிரி. அதற்கு நிறையே கிடையாது.

வாளியில் தண்ணீர் இருக்கிறது என்பதை 2012-ல் நிரூபித்துவிட்டார்கள். எந்தத் துணி எவ்வளவு தண்ணீர் இழுக்கும், ஏன் அவ்வளவு இழுக்கும்? அதுதான் தெரியவில்லை. ஸ்டாண்டர்டு மாடல் என்று அழைக்கப்படும் இன்றைய துகள் இயற்பியல் கோட்பாட்டில் 6 குவார்க்குகள், எலக்ட்ரான், மியூவான், டாவ் ஆகிய 9 துகள்களின் நிறையும் அளந்து எழுதிக்கொண்ட எண்கள்தான். கோட்பாட்டில் இருந்து கணக்குப் போட்டு எடுத்தவை இல்லை.

தள்ளுபடி மேல் தள்ளுபடி

இந்த எண்களுக்குக் காரணம் தேடி நிறைய பேர் முயன்றிருக்கிறார்கள். அவற்றில் 3 முயற்சிகளைப் பார்க்கலாம்.

முதலாவது, 1979-ல் ஃபிராகாட், நீல்சன் இருவரும் சொன்னது. நிறைகளுக்கு இடையே இவ்வளவு பெரிய வித்தியாசம் வர, இயற்கை பெரிய எண்களைக் கையில் வைத்திருக்கத் தேவையில்லை. ஒரு சின்ன எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்கினாலே போதும். ஆடித் தள்ளுபடியில் விலையை ஐந்தில் ஒரு பங்காக்கி, அதை மறுபடி ஐந்தில் ஒரு பங்காக்கி, இப்படியே 8 முறை குறைத்தால் என்ன ஆகும்? கடைசி விலை முதல் விலையில் 3,90,625-ல் ஒரு பங்கு! டாப் குவார்க்குக்கும் எலக்ட்ரானுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஏறக்குறைய இந்த அளவுதான். ஒவ்வொரு துகளும் எத்தனை முறை தள்ளுபடி பெறுகிறது என்பதை அதன் உள்குணம் தீர்மானிக்கிறது என்பது இவர்கள் வாதம்.

இரண்டாவது, நியூட்ரினோவுக்காகவே வந்த சீசா விளக்கம். 1970-களின் இறுதியில் பலர் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். ஒடிசாவில் பிறந்த ரவீந்திர மொஹாபத்ராவும் அவர்களில் ஒருவர். பூங்காவில் குழந்தைகள் விளையாடும் சீசா பலகையின் ஒரு பக்கம் கனம் கூடக்கூட மறுபக்கம் மேலே போகும் அல்லவா? நியூட்ரினோவுக்கு இன்னும் யாரும் பார்க்காத, மிகமிகக் கனமான ஜோடி ஒன்று இருக்கலாம். அந்த ஜோடியின் கனம் 10 மடங்கு கூடினால், நம் நியூட்ரினோவின் கனம் பத்தில் ஒரு பங்காகும். நியூட்ரினோ ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்பதற்கு இதுவரை வந்ததிலேயே அதிகம் பேசப்படும் விளக்கம் இதுதான்.

மூன்றாவது, ஜப்பானின் யோஷியோ கொய்டே கண்ட விநோதம். எலக்ட்ரான், மியூவான், டாவ் மூன்றின் நிறைகளையும் கூட்டுங்கள். அவற்றின் வர்க்கமூலங்களைத் தனியாகக் கூட்டி, அதை வர்க்கப்படுத்துங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் மூன்றில் இரண்டு வருகிறது, அதுவும் மிக மிகத் துல்லியமாக! தற்செயலா, ஆழமான காரணமா? 40 வருடங்களுக்கு மேல் ஆகியும் தெரியவில்லை.

கமுதியில் பிறந்தவரின் ஏ4

இப்போது கமுதிக்காரருக்கு வருவோம். பேராசிரியர் ஜி.ராஜசேகரன். 1936-ல் பிறந்தவர். சிகாகோவில் ஆராய்ச்சிப் பட்டம் முடித்து, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சென்னைப் பல்கலைக்கழகம் எனப் பணியாற்றி, பிறகு தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்கு வந்தவர்.

2001-ல் இவரும் அமெரிக்காவின் ரிவர்சைடில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எர்னஸ்ட் மாவும் சேர்ந்து ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். அதன் மையம் ஏ4. இந்தப் பெயரைக் கேட்டதும் ஜெராக்ஸ் கடைப் பேப்பர்தான் நினைவுக்கு வரும். இது வேறு ஏ4. கணிதத்தில் ஒரு சமச்சீர் குழுவின் பெயர்.

சமச்சீர் என்றால்? ஒரு பொருளைத் திருப்பிவைத்தாலும் திருப்பியது தெரியாமல் இருப்பது. 4 மூலைகள், 4 முக்கோண முகங்கள் கொண்ட ஒரு சின்னப் பிரமிடை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கமும் கச்சிதமாக மடித்த சமோசா மாதிரி. அதன் எந்த முகத்தைக் கீழே வைப்பது என்பதற்கு 4 வழிகள். வைத்த பிறகு அப்படியே சுற்றி நிறுத்த 3 வழிகள். 4 பெருக்கல் 3, மொத்தம் 12. இந்த 12-ல் எப்படி வைத்தாலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். இந்த 12 திருப்பல்களின் தொகுப்புதான் ஏ4.

இதற்கும் துகள்களுக்கும் என்ன சம்பந்தம்? எலக்ட்ரான், மியூவான், டாவ் மூவருக்கும் ஆளுக்கொரு நியூட்ரினோ ஜோடி உண்டு. ஆக, குடும்பங்கள் மூன்று. அந்தப் பிரமிடில் எதிரெதிர் விளிம்புகளின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக 3 அச்சுகள் கிடைக்கும். மூன்றும் சரிசமம். மூன்று குடும்பங்களையும் அந்த மூன்று அச்சுகள்போல் வைத்துப் பார்த்தார்கள் ராஜசேகரனும் மாவும்.

அதில் ஒரு வசதி இருக்கிறது. ஏ4 குழுவில், எப்போதும் சேர்ந்தே நகரும் மூவர் அணிக்கு ஓர் இடம் உண்டு. தனியாக நிற்பவர்களுக்கும் வெவ்வேறு விதமான 3 இடங்கள் உண்டு. நியூட்ரினோக்கள் மூவர் அணியாகவே நிறை பெறுவதால், மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே நிறை வருகிறது. எலக்ட்ரான், மியூவான், டாவ் விஷயத்தில் அந்த 3 தனி இடங்களும் உள்ளே வருவதால், மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு நிறைகள் வர வழி கிடைக்கிறது. பிறகு இந்தச் சமச்சீர் லேசாகக் குலையும்போது, நியூட்ரினோக்களுக்குள்ளும் சின்னச் சின்ன வித்தியாசம் வந்துவிடுகிறது.

ஒரே வீட்டில் ஒரு பக்கம் பிள்ளைகள் எல்லோரும் சமமாக, இன்னொரு பக்கம் ஆளுக்கு ஒரு கனமாக இருப்பது எப்படி என்ற புதிருக்கு, ஒரே சமச்சீரில் இருந்து பதில் எடுத்ததுதான் இந்தக் கட்டுரையின் அழகு. இதைப் பின்பற்றி உலகம் முழுக்க ஏ4 மாதிரிகள் எழுதப்பட்டன.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 207 என்ற எண் ஏன் என்பதற்கு ஏ4-லும் பதில் இல்லை. மூன்று நிறைகளும் வேறுபட அது இடம் கொடுக்கிறது. எவ்வளவு வேறுபடும் என்பதை இதிலும் வெளியில் இருந்துதான் எழுத வேண்டும்.

அளந்து பார்த்தால்தானே தெரியும்

கோட்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும், இயற்கை ஒப்புக்கொள்ள வேண்டும். 2012-ல் அப்படி ஒரு சோதனை வந்தது. ஏ4 வழியில் வந்த பல எளிய மாதிரிகள், நியூட்ரினோக்கள் ஒன்றோடு ஒன்று கலப்பதைச் சொல்லும் 3 கோணங்களில் ஒன்று பூஜ்யமாக இருக்கும் என்றன. சீனாவின் தயா பே சோதனை அதை அளந்தது. பூஜ்யம் இல்லை, சுமார் 8.5 டிகிரி! அந்த மாதிரிகளையெல்லாம் திருத்தி எழுத வேண்டி வந்தது.

இன்னொரு நெருக்கடியும் இருக்கிறது. நியூட்ரினோ ஒன்றின் நிறைக்கு, ஜெர்மனியின் கேட்ரின் சோதனை 2025-ல் வெளியிட்ட உச்சவரம்பு 0.45 எலக்ட்ரான்வோல்ட். எலக்ட்ரானில் 11 லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. விண்மீன் கூட்டங்களை வைத்துப் போடும் கணக்குகள் இதை இன்னும் கீழே தள்ளுகின்றன. நிறைகளுக்கு இடையேயான வித்தியாசம் ஏற்கெனவே தெரியும் என்பதால், மொத்தம் குறையக் குறைய 'ஏறக்குறைய சமம்' என்று சொல்வது கஷ்டமாகிறது. 1,000 ரூபாய் வாங்குபவருக்கும் 1,005 ரூபாய் வாங்குபவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 5 ரூபாய்க்கும் 10 ரூபாய்க்கும் அப்படிச் சொல்ல முடியுமா?

அடுத்த பெரிய கேள்வி வரிசை பற்றியது. மூன்று பிள்ளைகளை நிற்கவைத்தால், இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே உயரம், மூன்றாவது பிள்ளை தனியாகத் தெரிகிறது. ஆனால், அந்தப் பிள்ளை நெட்டையா, குட்டையா என்று மட்டும் தெரியவில்லை. நியூட்ரினோக்களின் நிலை இதுதான். இந்த வரிசை தெரிந்தால், எந்த விளக்கம் நிற்கும், எது விழும் என்று பாதிக்குப் பாதி வடிகட்டிவிடலாம்.

வடபழஞ்சியும் பொட்டிப்புரமும்

இந்த வரிசையைக் கண்டுபிடிப்பதுதான் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தின் முக்கிய நோக்கம். இதற்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தவர்களில் ராஜசேகரனும் ஒருவர்.

இந்தியாவுக்கு இது புதிய துறை இல்லை. 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் கீழே இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் வைத்த கருவிகள், வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்தவற்றில் அடக்கம். சுரங்கம் மூடப்பட்டதும் அந்த வாய்ப்பும் போனது.

பொட்டிப்புரத்துக்காக வடிவமைக்கப்பட்ட கருவி ஐகால். சுமார் 50,000 டன் இரும்பை அடுக்கடுக்காக வைத்துக் காந்தமாக்கி, இடையிடையே கண்ணாடித் தகடுகளால் ஆன உணர்கருவிகளைச் செருக வேண்டும். நியூட்ரினோ இரும்பில் மோதினால் மியூவான் பிறக்கும். காந்தம், நேர்மின் மியூவானை ஒரு பக்கமும் எதிர்மின் மியூவானை மறுபக்கமும் வளைக்கும். வந்தது நியூட்ரினோவா, எதிர் நியூட்ரினோவா என்பது அதில் தெரிந்துவிடும். பூமியைத் துளைத்து வரும்போது இரண்டும் வேறு வேறு மாதிரி மாறுகின்றன. எது அதிகம் மாறுகிறது என்பதில்தான் வரிசைக்கான விடை இருக்கிறது.

இதன் குட்டி மாதிரிதான் மதுரையில் உள்ள உயர் ஆற்றல் இயற்பியல் மையத்தில் 2018 முதல் இயங்கும் மினி ஐகால். எடை 85 டன். பெரிய கருவியில் சுமார் 600-ல் ஒரு பங்கு. ஆரம்பத்தில் சொன்ன, உள்ளங்கையைத் துளைக்கும் அதே மியூவான்களைத்தான் இது பதிவு செய்கிறது. மையத்தின் நிரந்தர வளாகத்துக்கான நிலம், நாகமலை புதுக்கோட்டையையும் பல்கலைக்கழகத்தையும் தாண்டி அதே தேனி சாலையில் இருக்கும் வடபழஞ்சியில் ஒதுக்கப்பட்டது.

மலைக்குள் போக வேண்டிய பெரிய கருவியின் கதை வேறு. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் கொடுத்தது. அதே வருடம் மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பணிகளுக்குத் தடை விதித்தது. சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம் குடையும்போது வைக்கும் வெடிகளால் மலைக்கும், நிலத்தடி நீருக்கும், அணைகளுக்கும் என்ன ஆகும் என்று பொட்டிப்புரம் பகுதி மக்கள் கேட்டார்கள். வெடி கட்டுப்படுத்தப்பட்ட முறையில்தான் வைக்கப்படும், நியூட்ரினோவால் யாருக்கும் ஆபத்தில்லை என்றார்கள் விஞ்ஞானிகள். நியூட்ரினோ ஆபத்தில்லாதது என்பது அறிவியல் உண்மை. ஆனால், மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடையலாமா என்பது தனிக் கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில் வதந்திகளும் வளர்ந்தன, நியாயமான சந்தேகங்களுக்கும் பதில் தாமதமானது. புலிகள் நடமாடும் வழித்தடம் பாதிக்கப்படும் என்று காரணம் காட்டி, 2022-ல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. 50,000 டன் ஐகால் இன்னும் வரைபடமாகவே இருக்கிறது.

மற்ற நாடுகள் காத்திருக்கவில்லை. சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் சுமார் 700 மீட்டர் ஆழத்தில் 20,000 டன் திரவம் நிரப்பிய ஜூனோ கருவி, 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது. ஜப்பானும் அமெரிக்காவும் தங்கள் கருவிகளைக் கட்டிக்கொண்டிருக்கின்றன. நியூட்ரினோக்களின் வரிசை இன்னும் சில வருடங்களில் தெரிந்துவிடலாம். அநேகமாக அந்தச் செய்தி வெளிநாட்டில் இருந்துதான் வரும்.

வந்தாலும் வேலை முடியாது. அந்த வரிசையை வைத்து எந்த விளக்கம் சரி என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். 207-க்கும் யாராவது காரணம் சொல்ல வேண்டும். அதற்கு மலையைக் குடைய வேண்டியதில்லை. காகிதம், பேனா, நல்ல கணிதம் இருந்தால் போதும். பல்கலைக்கழக பஸ்ஸில் தினமும் நின்றுகொண்டே போகும் மாணவர்களில் ஒருவர்கூட அந்தக் கணக்கைப் போடலாம்.

வீட்டில் செய்து பாருங்கள்

மூன்று பக்கமும் சமமான ஒரு முக்கோணத்தைப் பேப்பரில் வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியையும் குறித்து, அவற்றை இணைக்கும் கோடுகளில் மடித்தால், மூன்று மூலைகளும் மேலே ஒன்று சேரும். ஒட்டிவிடுங்கள், பிரமிடு தயார். அதன் 4 மூலைகளுக்கும் 4 வண்ணம் பூசி, எத்தனை விதமாகத் திருப்பிவைக்க முடிகிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். 12 வந்தால், ராஜசேகரனும் மாவும் கையில் எடுத்த அதே சமச்சீர் இப்போது உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையில்!